28ஆ, 30ஆ? ஒரு சபையின் உறுப்பினர் பட்டியலை நீங்களே தயாரிப்பது எப்படி

என் மருமகள் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் எடுக்கிறாள். ஒரு நாள் பின்னேரம் இரண்டு கொப்பிகளோடு வந்து நின்றாள். "மாமா, வடக்கு மாகாண சபையில தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு எத்தனை ஆசனம்? இதில 28 எண்டு கிடக்கு, இதில 30 எண்டு கிடக்கு. எது பிழை?"

"இரண்டும் சரி, பிள்ளை" என்றேன். அவள் நம்பவில்லை.

நம்பாததில் பிழையில்லை. அந்தச் சபை தெரிவானபோது அவள் சின்னப் பிள்ளை. இப்போது இங்கே முதல் தடவை வாக்களிக்கும் வயதுக்கு வந்திருக்கிற யாருக்கும் ஒரு மாகாண சபை கூடியது, சண்டை பிடித்தது, தீர்மானம் போட்டது எதுவும் நேரடி நினைவில் இல்லை. அதனால்தான் அன்றிரவே அவளோடு இருந்து ஒரு பட்டியல் போடத் தொடங்கினேன். யார் இருந்தார்கள், எந்தக் கட்சி, எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று. அந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்தால் குழப்பம் வராது என்பதை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு எங்கள் சபைதான், ஆனால் கிழக்குக்கும் மேல் மாகாணத்துக்கும் இதே வழி பொருந்தும், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குக்கூட ஒரு சில இடங்களை மாற்றினால் போதும்.

முதலில் எந்தச் சபை, எந்தக் காலம்

கொப்பியின் முதல் வரியில் சபையின் பெயர், அடுத்த வரியில் மூன்று திகதிகள்: வாக்களிப்பு, முதல் அமர்வு, காலம் முடிந்த நாள். வடக்கு மாகாண சபைக்கு அவை 2013 செப்டெம்பர் 21, 2013 ஒக்டோபர் 25, 2018 ஒக்டோபர் 24. ஐந்து வருடக் கணக்கு முதல் அமர்விலிருந்துதான் ஓடுகிறது, வாக்களித்த நாளிலிருந்து அல்ல.

இதைச் செய்யாமல் நேரே பெயர்களுக்குப் போகிறவர்கள் 1988ஆம் ஆண்டுச் சபையையும் 2013ஆம் ஆண்டுச் சபையையும் கலந்துவிடுகிறார்கள். 1988 நவம்பரில் தெரிவானது இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபை. மொத்தம் 71 ஆசனம், முதலமைச்சர் வரதராஜப் பெருமாள். ஈபிஆர்எல்எஃப் 41, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஈஎன்டிஎல்எஃப் 12, ஐக்கிய தேசியக் கட்சி 1. வடக்கின் 36 ஆசனங்களுக்கும் அப்போது போட்டியே இல்லை, சனம் வாக்குப் போடவும் இல்லை. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று சொன்ன பிறகு 2007இல் இரண்டு மாகாணங்களும் பிரிந்தன. ஆகவே தனி வடக்கு மாகாண சபை என்றால் இதுவரை ஒன்றே ஒன்றுதான், 2013இல் வந்தது.

பிறகு சட்டகம்

பெயர் எழுதுவதற்கு முன் வெறும் கதிரைகளை வரையுங்கள். யாழ்ப்பாணம் 16, கிளிநொச்சி 4, மன்னார் 5, முல்லைத்தீவு 5, வவுனியா 6. கூட்டினால் 36. அதோடு மாகாணம் முழுவதற்குமான போனஸ் ஆசனம் 2. மொத்தம் 38. இந்த 38 வரிகளையும் முதலில் போட்டு வைத்தால், பின்னர் பெயர் நிரப்பும்போது ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ உடனே கண்ணில் படும்.

மருமகளின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. கூட்டமைப்பு மாவட்டங்களில் வென்றது 28. மாகாணத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனங்களும் போகும், அதனால் 30. 28 என்று எழுதியவர் மாவட்டக் கணக்கோடு நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

வாக்கு எப்படி ஆசனமாகிறது

இந்தப் பகுதியை ஆறுதலாகச் செய்யுங்கள். அவசரப்பட்டுப் பாய்ந்து போகிறவர்கள் பிறகு ஒவ்வோர் எண்ணையும் யாரோ சொன்னதாக நம்பவேண்டி வரும். கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தவருக்கு அது தேவையில்லை.

கணக்கு இலகுவானது. ஒரு மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளை அந்த மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கையால் பிரியுங்கள். வருவது ஒரு ஆசனத்துக்குரிய வாக்கு. ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் அது எத்தனை தடவை அடங்குகிறதோ அத்தனை ஆசனம். மிஞ்சும் ஆசனங்கள் மீதி வாக்குக் கூடுதலாக உள்ள கட்சிக்கு ஒவ்வொன்றாகப் போகும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆசனத்துக்குரிய வாக்கு சுமார் 15,846. கூட்டமைப்பு எடுத்தது 213,907. அதில் 13 தடவை அடங்கி 7,900 சொச்சம் மிஞ்சுகிறது. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, அதாவது வெற்றிலைச் சின்னம், எடுத்தது 35,995. இரண்டு தடவை அடங்கி 4,300 சொச்சம் மீதி. 13உம் 2உம் 15. மிஞ்சிய ஒரு ஆசனம் மீதி கூடிய கூட்டமைப்புக்கு. 14, 2. இதில் பெரிய விறுவிறுப்பு ஒன்றும் இல்லை.

மன்னாருக்கு வாருங்கள். அங்கே ஐந்து ஆசனம், ஒரு ஆசனத்துக்குரிய வாக்கு சுமார் 10,645. கூட்டமைப்பு 33,118, வெற்றிலை 15,104, முஸ்லிம் காங்கிரஸ் 4,571. கூட்டமைப்புக்கு மூன்று முழு ஆசனம், மீதி 1,180 அளவில். வெற்றிலைக்கு ஒரு முழு ஆசனம், மீதி சுமார் 4,459. முஸ்லிம் காங்கிரஸுக்கு முழு ஆசனம் ஒன்றும் இல்லை, ஆனால் அதன் 4,571 வாக்கும் அப்படியே மீதியாகக் கிடக்கிறது. ஐந்தில் நான்கு முடிந்து ஒன்று மிச்சம். 4,459ஐயும் 4,571ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஏறத்தாழ 112. ஒரு கிராமத்தின் ஒரு ஒழுங்கையில் உள்ள சனம். அந்த 112தான் முஸ்லிம் காங்கிரஸை வடக்கு மாகாண சபைக்குள் கொண்டுபோனது. அந்தக் கட்சியின் மரச் சின்னத்துக்கு மாகாணம் முழுவதும் கிடைத்த ஒரே ஆசனம் அது.

இதைப் போட்டுக் காட்டியபோது மருமகள் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப என்ர ஒரு வாக்கு..." என்று தொடங்கி நிறுத்தினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளிநொச்சியை நீங்களே போட்டுப் பாருங்கள்: நான்கு ஆசனம், கூட்டமைப்பு 37,079, வெற்றிலை 7,897, ஒரு ஆசனத்துக்குரிய வாக்கு சுமார் 11,364. வெற்றிலைக்கு முழு ஆசனத்துக்கு வாக்குக் காணாது, ஆனாலும் ஒரு ஆசனம் கிடைத்தது. ஏன் என்று உங்களுக்கு இப்போது விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. பாராளுமன்றத் தேர்தல் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே 5 வீத வெட்டுப்புள்ளி உண்டு, போனஸ் ஆசனம் மாவட்டத்துக்கு ஒன்று. மாகாண சபைக்குப் போனஸ் மாகாணத்துக்கு இரண்டு. பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது இந்தக் கலப்படத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்து மாவட்டமும் முடித்துக் கூட்டினால் கூட்டமைப்பு 353,595 வாக்கு, 30 ஆசனம். வெற்றிலை 82,838 வாக்கு, 7 ஆசனம். முஸ்லிம் காங்கிரஸ் 6,761 வாக்கு, 1 ஆசனம். மொத்தம் 38. உங்கள் கூட்டலும் இதுவென்றால் சட்டகம் சரி, அடுத்ததற்குப் போகலாம்.

இனிப் பெயர்கள்

கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முடிந்த பிறகே ஆட்களைத் தேடுங்கள். ஒவ்வொரு கட்சியும் மாவட்டத்துக்குரிய ஆசனத்தைவிட மூன்று பேர் கூடுதலாக வேட்பாளர் போடும், யாழ்ப்பாணத்தில் 19 பேர். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டு, அந்தக் கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு கொடுக்கலாம். விருப்பு வாக்கின் ஒழுங்கில்தான் ஆட்கள் உள்ளே போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரன் 132,255 விருப்பு வாக்கோடு முதலாவது, அனந்தி சசிதரன் 87,870 வாக்கோடு இரண்டாவது. மாகாணம் முழுவதிலும் வாக்குகளால் நேரடியாகத் தெரிவான ஒரே பெண் அனந்திதான், இதை உங்கள் பட்டியலில் ஒரு குறிப்பாகவாவது போட்டு வையுங்கள், 38 பேரில் இப்படி இருந்தது என்பது மறக்கக்கூடாத ஒன்று.

விருப்பு வாக்கின் ஒழுங்கை, தோற்றவர்களையும் சேர்த்து முழுவதுமாக எழுதுங்கள். வென்ற 14 பேரோடு நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

போனஸ் ஆசனம் இரண்டுக்கும் விருப்பு வாக்கு இல்லை, கட்சிதான் பெயர் கொடுக்கும். கூட்டமைப்பு ஒன்றை அஸ்மின் அய்யூப்புக்குக் கொடுத்தது. மற்றதை வருடத்துக்கு ஒருவர் என்று சுழற்சியில் கொடுக்கத் தீர்மானித்தது, முதல் வருடம் மேரி கமலா குணசீலன். ஆகவே அந்த ஒரு கதிரைக்கு ஒரு பெயர் எழுதி மூட முடியாது, அதற்குக் கீழே சில வரிகளை வெறுமையாக விடுங்கள்.

பெயர்களில் இன்னொரு சிக்கல் முதலெழுத்து. முதலமைச்சரையே எடுங்கள். ஒரு பத்திரிகையில் சி.வி. விக்னேஸ்வரன், இன்னொன்றில் க.வி. விக்னேஸ்வரன். இரண்டு பேர் என்று நினைத்து இரண்டு வரி எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்பாவின் பெயர் ஆங்கில எழுத்திலா தமிழ் எழுத்திலா என்பதுதான் வித்தியாசம். ஒருவருக்கு ஒரு வடிவத்தைத் தெரிவு செய்து கடைசிவரை அதையே பாவியுங்கள், மற்ற வடிவத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

கட்சி என்ற நிரலை இரண்டாகப் பிரியுங்கள்

புதிதாகப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. "கட்சி" என்று ஒரே ஒரு நிரல் போட்டால் பட்டியல் பாதிப் பொய்யாகிவிடும். ஒரு நிரல் "எந்தச் சின்னத்தில் நின்றார்", இன்னொரு நிரல் "எந்தக் கட்சிக்காரர்".

கூட்டமைப்பு என்று நாங்கள் சொன்னாலும் அப்படி ஒரு பதிவுசெய்த கட்சி வாக்குச்சீட்டில் இருக்கவில்லை. நின்றது இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பெயரில், வீட்டுச் சின்னத்தில். அந்த வீட்டுக்குள் தமிழரசுக் கட்சி, ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப், தமிழர் விடுதலைக் கூட்டணி என்று ஐந்து கட்சி. தேர்தல் முடிவுத் தாளில் 30 பேரும் ஒரே கட்சி. ஆனால் தர்மலிங்கம் சித்தார்த்தன் புளொட்டின் தலைவர். விக்னேஸ்வரனோ எந்தக் கட்சியிலும் இருந்து வளர்ந்தவர் அல்லர், நீதிமன்றத்திலிருந்து நேரே அழைத்து வரப்பட்டவர். வெற்றிலையிலும் அப்படித்தான், ஈபிடிபிக்காரரும் சுதந்திரக் கட்சிக்காரரும் ஒரே பட்டியலில்.

சின்னத்தை மட்டும் பார்த்தவருக்கு 2017 ஜூனில் நடந்தது ஒருபோதும் விளங்காது. 38இல் 30 வைத்திருந்த ஒரு அணி, தன்னுடைய முதலமைச்சருக்கு எதிராகத் தானே ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தது. எதிர்க்கட்சி கொண்டுவந்த பிரேரணை அல்ல அது, தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் முன்னின்று கொடுத்தது, பங்காளிக் கட்சிகளில் பலர் முதலமைச்சரின் பக்கம் நின்றார்கள். பிறகு அது மீளப் பெறப்பட்டது. இரண்டாவது நிரல் இருந்தால் யார் எந்தப் பக்கம் என்பது ஓரளவு தானாகவே தெரியும். எனக்கு அந்த மாதம் இன்னும் மனதில் வலிக்கிறது, யார் சரி யார் பிழை என்பதற்காக அல்ல, அவ்வளவு வாக்கைச் சனம் கொடுத்திருந்தது என்பதற்காக.

தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இதே பொறி உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்கு 133 என்று எழுதுகிறோம், 234இல். ஆனால் மதிமுகவின் நான்கு பேர் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றவர்கள், அந்த 133க்குள் இருக்கிறார்கள். சின்னத்தால் எண்ணினால் ஒரு தொகை, கட்சியால் எண்ணினால் இன்னொரு தொகை. எந்த முறையில் எண்ணினீர்கள் என்று பட்டியலின் தலையிலேயே எழுதிவிட்டால் சண்டை வராது.

வந்தவர், போனவர்

ஐந்து வருடம் ஒரு சபை அப்படியே இருக்காது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "இருந்து", "வரை" என்று இரண்டு திகதி நிரல். யாரையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியவரை எழுதாதீர்கள். பழையவரின் வரியை மூடி, அதற்குக் கீழே புதிய வரி திறவுங்கள்.

எங்கள் சபையில் 2015 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலோடு பெரிய அசைவு வந்தது. சித்தார்த்தன் யாழ்ப்பாணத்திலிருந்தும், முல்லைத்தீவு உறுப்பினர் சிவமோகன் வன்னியிலிருந்தும் பாராளுமன்றம் போனார்கள், அங்கஜன் இராமநாதன் தேசியப் பட்டியலால் போனார். மூன்று கதிரை வெறுமையானது. இடைத்தேர்தல் நடந்ததா? இல்லை. இங்கே வெற்றிடம் வந்தால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார். தோற்றவர்களின் ஒழுங்கையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். எதிர்க்கட்சித் தலைவராகப் பல காலம் இருந்து எல்லோருக்கும் பெயர் பழகிப்போன சி. தவராசா 2013 செப்டெம்பர் வெற்றிப் பட்டியலில் இல்லை, பின்னர் வெற்றிடத்துக்கு வந்தவர். முடிவுத் தாளை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் எதிர்க்கட்சித் தலைவரே காணாமல் போய்விடுவார்.

2016இல் பிரதித் தவிசாளர் அன்ரனி ஜெகநாதன் காலமானார். இன்னொரு உறுப்பினர் ஆர்னோல்ட் 2018இல் யாழ் மாநகர முதல்வரானார். இவையும் திகதி நிரலுக்குள் வரவேண்டியவை.

இந்தியாவில் இது முற்றிலும் வேறு. அங்கே ஒரு தொகுதிக்கு ஒரு ஆள், வெற்றிடம் என்றால் இடைத்தேர்தல், ஆகவே கட்சிக் கணக்கே மாறலாம். ஈரோடு கிழக்கைப் பாருங்கள். 2021இல் காங்கிரஸின் திருமகன் ஈவெரா, அவர் காலமானதும் 2023இல் அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவன், அவரும் காலமானதும் 2025இல் திமுகவின் சந்திரகுமார். ஒரே சட்டமன்றக் காலத்தில் ஒரே கதிரையில் மூன்று பேர், இரண்டு கட்சி. இங்கே அப்படிக் கட்சி மாறாது, பட்டியல் கட்சியுடையது என்பதால் ஆள் மட்டும் மாறுவார். அதனால் மாகாண சபைக்கு 30, 7, 1 என்ற தொகை கடைசிவரை நின்றது, உள்ளே இருந்த முகங்கள்தான் மாறின, உறவுகளும் மாறின.

பதவிகள்

இதற்குத் தனித் தாள் எடுங்கள், உறுப்பினர் பட்டியலுக்குள் திணிக்காதீர்கள். முதலமைச்சரோடு சேர்த்து அமைச்சர் வாரியத்தில் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. தொடக்கத்தில் ஐங்கரநேசன் விவசாயம், குருகுலராசா கல்வி, சத்தியலிங்கம் சுகாதாரம், டெனீஸ்வரன் மீன்பிடியும் போக்குவரத்தும். அமைச்சர்கள் மீதான 2017 விசாரணைக்குப் பிறகு இந்த வரிசை கலைந்தது, அனந்தி, சர்வேஸ்வரன், குணசீலன், சிவநேசன் அமைச்சர்களானார்கள். தன்னை நீக்கியது சரியா என்று டெனீஸ்வரன் நீதிமன்றம் போக, 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாக இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தக் காலத்துக்கு "அமைச்சர் யார்" என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயர் எழுதாதீர்கள், நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். அவைத் தலைவர் சீ.வீ.கே. சிவஞானம், தொடக்கம் முதல் முடிவு வரை.

எங்கே தேடுவது

வாக்கு எண்களுக்குத் தேர்தல் திணைக்களத்தின் முடிவு அறிக்கை. பெயருக்கும் வெற்றிடத்துக்கும் வர்த்தமானி, அதில் வந்ததே சட்டப்படியான திகதி. அமர்வில் யார் என்ன பேசினார் என்பதற்குச் சபையின் கன்சாட். இவற்றுக்கிடையில் உள்ள கதைக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பத்திரிகைப் பகுதி, உதயனும் வலம்புரியும் தினக்குரலும் அந்த ஐந்து வருடமும் ஒவ்வொரு அமர்வையும் எழுதின. வீட்டிலிருந்தே தேட விரும்புகிறவர்களுக்கு நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகள் கனக்கக் கிடக்கின்றன.

பத்திரிகையை வாசிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: நிகழ்வு நடந்த நாளின் அடுத்த இரண்டு மூன்று நாள் இதழ்களையும் பாருங்கள். ஒருவர் பதவி விலகுகிறேன் என்று சொன்ன நாள் ஒன்று, கடிதம் கொடுத்த நாள் இன்னொன்று, அது நடைமுறைக்கு வந்த நாள் வேறொன்று. உங்கள் நிரலுக்கு வேண்டியது கடைசித் திகதி. ஒரு உறுப்பினர் விலகப்போவதாகச் சொன்ன நாளை எழுதி, பிறகு அதே நாளுக்குப் பின் அவர் வாக்களித்ததாகக் கன்சாட்டில் கண்டு, நாங்கள் இரண்டு தடவை திருத்த வேண்டி வந்தது.

கடைசி வரி

எல்லோருக்கும் "வரை" நிரலில் 2018 ஒக்டோபர் 24 என்று எழுதி முடித்த பிறகு மருமகள் கேட்டாள், "அதுக்குப் பிறகு யார்?" அதையும் பட்டியலின் அடியில் எழுதத்தான் வேண்டும். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை மாற்றித் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை, அதனால் மாகாண சபைத் தேர்தல் நின்றுபோனது. ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார்.

அவள் அந்தத் தாளின் மறுபக்கத்தில் 38 வரி கோடு போட்டு, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா என்று மாவட்டப் பெயர்களை மட்டும் எழுதினாள். முறை மாறினால் எண்ணிக்கையும் மாறலாம், பென்சிலால் எழுது என்றேன்.